எதையும் மூடாதே, இஸ்ஸதி

காமினிக்குக் கண் நன்றாக இருந்த காலத்தில் அந்தக் கண்ணுக்குத்தான் சம்பளம் கொடுத்தார்கள். பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் நுண்ணோக்கி முன்னால் உட்கார்ந்து, அரிசிக் குருணை அளவுள்ள சில்லுகளில் கீறல் விழுந்திருக்கிறதா, கம்பி விலகியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. பள்ளிக்கூடம் முடித்த கையோடு சேர்ந்தவள். அவள் சரி என்று விட்ட தட்டை மறுபடி யாரும் சோதிக்க மாட்டார்கள். அவ்வளவு பெயர்.

முப்பதைத் தாண்டியபோது மாலை நேரங்களில் படியிறங்கத் தடுமாற்றம் வந்தது. சுங்கை பினாங்கில் அவர்கள் குடியிருந்த அடுக்குமாடியில் படிக்கட்டு விளக்கு சரியாக எரியாது. அதனால்தான் என்று நினைத்துக்கொண்டாள். பிறகு பட்டப்பகலிலும் பக்கவாட்டில் வருகிற ஆள் தெரியவில்லை. விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டு வருகிறது, அதை நிறுத்த மருந்து கிடையாது என்று மருத்துவர் சொன்னார். சில வருடங்களில், பகலா இரவா என்று கண்டுகொள்கிற அளவு பார்வைதான் மிஞ்சியது. நுண்ணோக்கியை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

வீட்டில் இருந்த காலம்தான் பெரிய தண்டனை. பார்க்க வந்தவர்கள் அவளைப் பற்றி அவள் கணவன் மோகனராஜிடம் விசாரித்தார்கள். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, "காமினி பசியாறிட்டாளா?" என்று அவனைக் கேட்பார்கள். ஜெலுத்தோங்கில் மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கும் கடை வைத்திருந்த மோகனராஜ் அதிகம் பேசாதவன். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள், "அவ காது நல்லாத்தான் இருக்கு. அவளையே கேளுங்க லா!" என்று வெடித்தான். வந்தவர்கள் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் போனதும் காமினி விழுந்து விழுந்து சிரித்தாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது.

அதற்கடுத்த வாரம் பார்வையற்றோருக்கான பயிற்சி வகுப்பு ஒன்றில் சேர்ந்தாள். கோல் பிடித்து நடக்கப் பழகினாள். கணினித் திரையில் உள்ளதை உரக்கப் படித்துச் சொல்லும் மென்பொருளைக் கொண்டு கணினி கற்றாள். அந்த இயந்திரக் குரல் முதலில் தலைவலி தந்தது. போகப் போக அதன் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனாள். பக்கத்தில் இருப்பவர்களுக்கு வண்டு இரைவதுபோல் கேட்கும். அவளுக்கு ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழும்.

நிரல் எழுதக் கற்கலாம் என்று அவளுக்குத் தோன்றியதற்குக் காரணம் எளிமையானது. நிரல் என்பது முழுக்க எழுத்து. எழுத்து எங்கே இருந்தாலும் குரல் அதைப் படித்துவிடும். இணையத்தில் பாடம் கேட்டாள், பிழை செய்தாள், திருத்தினாள். அரைப்புள்ளி ஒன்று விட்டுப்போனால் தேடிப் பிடிக்க மற்றவர்கள் அலுத்துக்கொள்வார்கள். சில்லில் மயிரிழைக் கீறல் தேடிய காமினிக்கு அது பழக்கப்பட்ட வேலை. சின்னச் சின்னதாக உதவி நிரல்கள் எழுதித் தன் மடிக்கணினியைத் தனக்கேற்றபடி மாற்றி வைத்துக்கொண்டாள். பக்கம் பக்கமாக வரும் செய்திகளில் பிழையை மட்டும் பொறுக்கியெடுத்துச் சொல்லும் நிரல் ஒன்று அவள் சொந்தக் கைவேலை.

வேலை தேடியதுதான் பாடு. தொலைபேசியில் நன்றாகப் பேசியவர்கள், கோலோடு அவள் உள்ளே நுழைந்ததும் குரலைத் தாழ்த்தினார்கள். "நாங்க அப்புறமா கூப்பிடறோம்" என்பதன் அர்த்தம் அவளுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் வேறு பதில் வந்தது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குப் பின்னால், பழைய கடைவீட்டின் மாடியில் இருந்த சின்ன நிறுவனம் அது. தங்கும் விடுதிகளுக்கு முன்பதிவு மென்பொருள் செய்து கொடுப்பார்கள். லோகேஸ்வரனும் ஜெகதீஸ்வரியும் சேர்ந்து நடத்தினார்கள். நிரல் பக்கம் அவன் பொறுப்பு, வாடிக்கையாளர் பக்கம் அவள் பொறுப்பு.

ஜெகதீஸ்வரி மழுப்பவில்லை. "உங்களால முடியாதுன்னு நான் சொல்லல. ஆனா நாங்க சின்ன கம்பெனி. ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல ஒரு ஆள் உட்காரணும்னா எங்களால தாங்க முடியாது. அதான் யோசிக்கிறேன்."

"யோசிங்க. தப்பில்ல" என்றாள் காமினி. "ஆனா வேலைய கொடுத்துப் பார்த்துட்டு யோசிங்க."

லோகேஸ்வரன் சிரித்துவிட்டான். "ஒரு வாரம் வாங்க. உங்க லேப்டாப்பையே கொண்டு வாங்க, அதுலதானே உங்க குரல் இருக்கு. முதல் வேலை என்ன தெரியுமா? எங்க நிரல உங்க மெஷின்ல ஓட வைக்கணும். புதுசா வர்ற எல்லாருக்கும் அதான் முதல் வேலை. பாதிப் பேரு அங்கயே அழுதுடுவாங்க."

திங்கட்கிழமை காலையில் மோகனராஜ் மோட்டாரில் கொண்டுவந்து இறக்கிவிட்டான். மாடிப்படியை அவளே ஏறினாள். இஸ்ஸதி என்ற பெண் வந்து கையைப் பிடித்து, "அக்கா, உங்க மேசை என் மேசைக்குப் பக்கத்துல. பிளக் பாயிண்ட் உங்க வலது காலுக்கிட்ட" என்றாள். ஜன்னலுக்குக் கீழே சாலையில் லாரி பின்னோக்கி வரும் ஓசை. எங்கிருந்தோ கறி கொதிக்கும் வாசம். காமினி காதொலிப்பானை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

நிறுவனத்தின் நிரல் நூற்றுக்கணக்கான கோப்புகளாகச் சிதறிக் கிடந்தது. அத்தனையையும் திரட்டி, வேண்டிய துணைக்கருவிகளை இணையத்திலிருந்து வரவழைத்து, ஓடக்கூடிய ஒரே மென்பொருளாகக் கட்டித் தருவதற்கு மேவன் என்ற கருவியை வைத்திருந்தார்கள். அதை இறக்கிக் கணினியில் வைத்தால் மட்டும் போதாது. மேவன் எந்தக் கோப்புறையில் இருக்கிறது, அதற்கு வேண்டிய ஜாவா எங்கே இருக்கிறது என்று கணினிக்குச் சொல்லி வைக்க வேண்டும். அப்படிச் சொல்லி வைக்கிற இடத்துக்குப் பெயர் சூழல் மாறிகள். அவற்றில் பாத் என்பது முக்கியமானது. ஒருவர் ஒரு கருவியின் பெயரைத் தட்டினால், பாத்தில் வரிசையாக எழுதியிருக்கும் முகவரிகளுக்கெல்லாம் கணினி ஒவ்வொன்றாகப் போய்த் தேடும். முகவரி அதில் இல்லையென்றால், அப்படியொரு கருவியே தெரியாது என்று கைவிரித்துவிடும்.

புதியவர்களுக்கான வழிகாட்டிப் பக்கம் ஒன்று இருந்தது. காமினி அதைத் திறந்தாள்.

"முதல் படி," என்றது குரல். "கீழே காட்டியபடி செய்யவும். படம். இரண்டாம் படி. சிவப்பு வட்டம் போட்ட இடத்தில் அழுத்தவும். படம். மூன்றாம் படி. படம். படம். படம்."

கீழே வரை போனாள். எல்லாம் திரையைப் பிடித்து ஒட்டிய படங்கள். கண் இருப்பவர்களுக்கு அதைவிட எளிமை கிடையாது. அவளுக்கு அது வெற்றுச் சுவர்.

அவள் கை அசையாமல் இருப்பதை இஸ்ஸதி பார்த்திருக்க வேண்டும். நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தாள். "அலாமாக்! இது முழுக்கப் படமா இருக்கே. நான்தான்கா இதச் செஞ்சேன். யோசிக்கவே இல்ல. இங்க கொடுங்க, நானே போட்டுத் தர்றேன். ரெண்டு நிமிஷம்."

அந்தப் பெண் மனதாரத்தான் சொன்னாள். அது காமினிக்குத் தெரிந்தது. மடிக்கணினியை அவள் பக்கம் தள்ளிவிட்டால் போதும், மத்தியானத்துக்குள் வேலை தொடங்கிவிடலாம். ஆனால் அடுத்த முறை ஜாவா மாறும்போது மறுபடியும் இஸ்ஸதி வேண்டும். அதற்கடுத்த முறையும் வேண்டும். ஜெகதீஸ்வரி சொன்ன, பக்கத்தில் உட்கார வேண்டிய அந்த ஆள் முதல் நாளே வந்து உட்கார்ந்தாகிவிடும்.

"வேணாம்மா. நானே பாக்கறேன். எனக்கு மாட்டிக்கிச்சுன்னா கூப்பிடறேன்."

"சரிக்கா. கூப்பிடணும், ஆமா?"

காமினி இணையத்தில் தேடினாள். படமே இல்லாமல், கட்டளை தட்டியே பாத்தில் முகவரி சேர்க்கலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். ஒரே ஒரு வரி. ஏற்கெனவே இருக்கிற பாத்தை எடுத்து, அதன் வாலில் மேவனின் முகவரியை ஒட்டி, மொத்தத்தையும் திரும்பச் சேமித்துவிடும். அவள் முகம் மலர்ந்தது. இதைவிட வசதி வேறென்ன? கணினித் திரையில் கட்டளை தட்டுவதற்கான ஜன்னலைத் திறந்து, எழுத்தெழுத்தாகக் கேட்டுச் சரிபார்த்து, எண்டரைத் தட்டினாள்.

"வார்னிங்," என்று குரல் தொடங்கியது. அவள் விரல் அதற்குள் அடுத்த பொத்தானுக்குப் போய்விட்டது. பொத்தானைத் தொட்டால் குரல் படிப்பதை நிறுத்திவிடும். அடுத்த வரி மட்டும் காதில் விழுந்தது: "சக்சஸ். மதிப்பு சேமிக்கப்பட்டது."

சக்சஸ் என்று கேட்டாயிற்று. அதற்கு முன்னால் என்ன எச்சரிக்கை என்று அவள் நின்று கேட்கவில்லை. பாத்தில் செய்த மாற்றம், அதற்குப் பிறகு திறக்கிற ஜன்னலில்தான் தெரியும் என்று அவள் படித்திருந்தாள். அதனால் புதிதாக ஒரு கட்டளை ஜன்னல் திறந்தாள். மேவனைக் கூப்பிட்டாள்.

அப்படியொரு கட்டளை தெரியாது என்றது கணினி.

எழுத்துப் பிழையாக இருக்குமென்று மறுபடி தட்டினாள். தெரியாது. இருக்கட்டும், தன் உதவி நிரல் இருக்கிறதே, அதை வைத்து என்ன பிழை என்று பார்ப்போம் என்று அதை ஓட்டினாள். அந்த நிரலை ஓட்டுவதற்கு வேண்டிய பைத்தானையும் தெரியாது என்றது. நிரல் பிரதிகளை எடுத்து வரும் கருவியைக் கூப்பிட்டாள். அதுவும் தெரியாது. காலையில் வீட்டில் ஓடிய ஒவ்வொன்றும், இப்போது பெயரே கேள்விப்படாதது ஆகிவிட்டது.

காமினி முதல் ஜன்னலுக்குத் திரும்பிப்போய், தான் பாதியில் நிறுத்திய எச்சரிக்கையை முழுதாகக் கேட்டாள். சேமிக்கிற வரி அளவுக்கு மீறி நீண்டுவிட்டதாம். அதனால் குறிப்பிட்ட நீளத்தோடு வெட்டிவிட்டுச் சேமித்ததாம். எத்தனையோ மாதமாக அவள் பார்த்துப் பார்த்து நிறுவிய ஒவ்வொரு கருவியும் தன் முகவரியை அந்த வரியின் வாலில்தான் எழுதி வைத்திருந்தது. அந்த வாலைத்தான் தன் கையாலேயே வெட்டி எறிந்திருக்கிறாள்.

"இஸ்ஸதி," என்றாள். "எல்லாத்தையும் கெடுத்துட்டேன் போலிருக்கு."

இஸ்ஸதி ஓடி வந்தாள். திரையை ஒரு பார்வை பார்த்தாள். "ஒண்ணும் ஆகாதுக்கா, பயப்படாதீங்க. எனக்கும் இப்படி ஆகும். ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணா பாதி பிரச்சினை ஓடிப்போயிடும். இருங்க..."

அவள் கை தன் மணிக்கட்டுக்கு மேலாக நீள்வதைக் காமினி உணர்ந்தாள். அந்தக் கணத்தில்தான் அவளுக்குப் பொறி தட்டியது. மாற்றம் புதிய ஜன்னலில்தான் தெரியும் என்றால், பழைய ஜன்னலில் என்ன இருக்கும்?

"தொடாதே! எதையும் மூடாதே, இஸ்ஸதி!"

மாடி முழுக்க அடங்கிப்போனது. விசைப்பலகைச் சத்தம்கூட நின்றுவிட்டது. வந்த முதல் நாளே அவள் குரல் உயர்ந்துவிட்டது. லோகேஸ்வரன் தன் அறையிலிருந்து எழுந்து வரும் செருப்புச் சத்தம் கேட்டது.

"மன்னிச்சுக்கம்மா," என்று காமினி இஸ்ஸதியின் கையைத் தேடிப் பிடித்தாள். "திட்டல. ஒவ்வொரு ஜன்னலும் திறக்கும்போது பாத்த ஒரு காப்பி எடுத்து வச்சுக்கும். அப்புறம் வெளிய என்ன மாத்துனாலும் அதுக்குத் தெரியாது. நான் அந்தக் கட்டளையத் தட்டுன ஜன்னல் இன்னும் திறந்துதான் இருக்கு. அதுக்கு நான் கெடுத்ததே தெரியாது. பழைய வரி முழுசா அதுக்குள்ள உட்கார்ந்திருக்கும். மெஷின ஆஃப் பண்ணியிருந்தா அதுவும் போயிருக்கும்."

இஸ்ஸதி மூச்சை உள்ளே இழுத்தாள். "யா அல்லாஹ். நான் தட்டியிருப்பேனே!"

"தட்டலயே. விடு."

இரண்டு ஜன்னலுக்கும் ஒரே பெயர். குரல் இரண்டையும் ஒரே மாதிரிதான் சொல்லும். எது பழையது? காமினி ஒன்றில் நின்று பைத்தானின் பதிப்பு என்னவென்று கேட்டாள். தெரியாது என்றது. அடுத்ததற்குத் தாவினாள், அதே கேள்வியைக் கேட்டாள். குரல் சாவகாசமாகப் பதிப்பு எண்ணைச் சொன்னது.

"இருக்கு!" என்று கத்தினாள் இஸ்ஸதி. காமினி சொல்வதற்குள் அவள் திரையில் படித்துவிட்டாள்.

முதல் காரியமாக அந்தப் பழைய வரியை அப்படியே ஒரு கோப்பில் எழுதச் சொன்னாள் காமினி. அது சேமிக்கப்பட்டதா என்று திறந்து பார்த்துக்கொண்டாள். இப்போது மின்சாரமே போனாலும் கவலையில்லை. நாற்காலியில் சாய்ந்து ஒரு பெருமூச்சு விட்டாள். பிறகு, கற்ற நாளிலிருந்து செய்யாத ஒன்றைச் செய்தாள். குரலின் வேகத்தைக் குறைத்தாள். ஒரு முகவரி, ஓர் அரைப்புள்ளி, இன்னொரு முகவரி, இன்னோர் அரைப்புள்ளி. ஒவ்வொன்றையும் நிறுத்திக் கேட்டு, இது கணினிக்குப் பொதுவானது, இது தான் நிறுவியது என்று தரம் பிரித்தாள். எப்போதோ நீக்கிவிட்ட மென்பொருள்களின் செத்த முகவரிகளும் நடுவில் கிடந்தன. அவற்றைத் தனியே ஒதுக்கினாள். நுண்ணோக்கியின் முன்னால் உட்கார்ந்த அதே நிதானம் அவளுக்குத் திரும்ப வந்திருந்தது.

லோகேஸ்வரன் பின்னால் நின்றுகொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு கட்டத்தில் தாங்க முடியாமல், "எப்படித் திரும்பப் போடப் போறீங்க? அதே கட்டளையப் போட்டா மறுபடி வெட்டிடுமே," என்றான்.

"அத இனிமே தொடமாட்டேன், போஸ்," என்றாள். "இஸ்ஸதியோட படத்துல ஒரு பெட்டி இருக்கில்ல? அந்தப் பெட்டிக்கு என்ன பேரு?"

இஸ்ஸதி பெயரைச் சொன்னாள். காமினி தேடல் கட்டத்தில் அந்தப் பெயரைத் தட்டினாள். சூழல் மாறிகளின் பெட்டி திறந்தது. ஒரு பொத்தானிலிருந்து அடுத்ததற்கு விசைப்பலகையாலேயே நகர்ந்தாள். குரல் எல்லாவற்றையும் படித்தது. பட்டியல், திருத்து, புதிது, சரி. ஒரு பொத்தான்கூட ஊமையாக இல்லை. படமாக ஒட்டியபோது சுவராக நின்ற அதே பெட்டி, நேரில் வந்தபோது வாய் நிறையப் பேசியது.

"அட!" என்று தொடையில் தட்டிக்கொண்டாள் காமினி. "இவ்வளவுதானா!"

பாத்தில் ஒரு முகவரிக்கு ஒரு வரி என்று தனித்தனியாக இருந்தது. வெட்டுப்பட்ட குப்பையை அழித்துவிட்டு, தன் முகவரிகளை ஒவ்வொன்றாக ஒட்டினாள். கடைசியில் மேவனுடையதைச் சேர்த்தாள். ஜாவா எங்கே இருக்கிறது என்று சொல்லும் மாறியையும் புதிதாக உண்டாக்கி எழுதினாள். சரி, சரி, சரி. புதிய ஜன்னல்.

பைத்தான் பதில் சொன்னது. பிரதி எடுக்கும் கருவி பதில் சொன்னது. மேவனைக் கூப்பிட்டாள்.

"ஜாவா ஹோம் மாறி சரியாக வரையறுக்கப்படவில்லை," என்றது குரல்.

"ஐயோ, மறுபடியுமா!" என்று இஸ்ஸதி தலையில் கை வைத்தாள்.

காமினி மட்டும் சிரித்தாள். "இல்லம்மா, இது நல்ல சேதி. முன்னாடி மேவன யாருன்னே தெரியாதுன்னு சொல்லுச்சு. இப்ப மேவனே வந்து குறை சொல்லுது. வீட்டுக்குள்ள வந்துட்டான் பாரு." தான் எழுதிய முகவரியைத் திரும்பக் கேட்டாள். மேவன் ஜாவா குடியிருக்கும் வீட்டின் முகவரியைக் கேட்டால், வீட்டுக்குள் இருக்கும் ஓர் அறை வரைக்கும் எழுதி வைத்திருந்தாள். வாலில் இருந்த அந்த ஒரு சொல்லை அழித்தாள். மறுபடி புதிய ஜன்னல். மறுபடி மேவன்.

இந்த முறை குரல் பதிப்பு எண்ணையும், ஜாவாவின் எண்ணையும், இருக்கும் இடத்தையும் கடகடவென்று ஒப்பித்தது. காமினி ஒரு வரி விடாமல் முழுதும் கேட்டாள்.

"இனிமேதான் பெரிய வேலை," என்றான் லோகேஸ்வரன். "எங்க நிரல எடுத்து, கட்டச் சொல்லுங்க."

நிரலை எடுத்தாள். கட்டச் சொன்னாள். துணைக்கருவிகள் இணையத்திலிருந்து வந்து குவியத் தொடங்கின. ஒவ்வொன்றின் பெயரையும் குரல் மூச்சுவிடாமல் படித்தது. காமினி அதன் வாயை அடைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். முதல் முறை என்பதால் நேரம் பிடித்தது. இஸ்ஸதி மேசையை விட்டு நகரவில்லை. கீழே பள்ளிவாசலிலிருந்து நண்பகல் பாங்கு கேட்டு ஓய்ந்தது. மின்விசிறி சுழலும் சத்தம் மட்டும் இருந்தது. எதிர்ப்பக்கத்து மேசையில் ஜெகதீஸ்வரி தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தவள், பேச்சை முடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

காமினி காதொலிப்பானின் கம்பியைப் பிடுங்கினாள். கேட்பது எல்லாருக்கும் கேட்கட்டும் என்று நினைத்தாள். கடைசி வரிகளைப் படிக்கச் சொல்லிக் குரலை எழுப்பினாள்.

"பில்ட் சக்சஸ்," என்றது குரல். வெறும் இயந்திரக் குரல்தான். ஏற்ற இறக்கம் இல்லை. ஆனாலும் அந்த மாடியில் அதற்கு முன்னால் அவ்வளவு இனிமையாக யாரும் எதையும் சொன்னதில்லை என்று காமினிக்குத் தோன்றியது. இந்த முறை எச்சரிக்கை ஏதாவது இருக்கிறதா என்று மேலே போய்ப் பார்த்தாள். எதுவும் இல்லை. அதன் பிறகுதான் கையைத் தூக்கினாள். இஸ்ஸதி அவளைக் கட்டிக்கொண்டு குதித்தாள். யாரோ கை தட்டினார்கள்.

அன்று மத்தியானம் இஸ்ஸதி அவளைக் கீழே நாசி கண்டார் சோற்றுக் கடைக்கு அழைத்துக்கொண்டு போனாள். "குழம்பு கலந்து ஊத்தச் சொல்லவாக்கா?" என்று கேட்டாள். "வெள்ளமா ஊத்தச் சொல்லு. இன்னிக்கு எனக்குப் பெருநாள்," என்றாள் காமினி. சாப்பிட்டுக்கொண்டே இஸ்ஸதி தயங்கித் தயங்கி, "அந்த வழிகாட்டிப் பக்கத்த நான் மாத்தி எழுதட்டுமாக்கா?" என்று கேட்டாள்.

"சேர்ந்து எழுதலாம். நான் சொல்றேன், நீ படத்தையும் வச்சுக்க. படம் வேணும்கிறவங்களுக்கு அது இருக்கட்டும்."

அந்த வாரம் மற்ற வேலைகளுக்கு நடுவே இருவரும் அந்தப் பக்கத்தைப் புதிதாக எழுதினார்கள். எந்தப் பெட்டியைத் திறக்க வேண்டும், அதன் பெயர் என்ன, எந்தப் பொத்தான், அதில் என்ன எழுத வேண்டும், எழுதியது சரியா என்று எப்படிச் சோதிப்பது, இந்தப் பிழை வந்தால் என்ன அர்த்தம். நீளமான பாத்தை ஒற்றை வரிக் கட்டளையால் திருத்தப் போக வேண்டாம், போய்விட்டால் எதையும் மூட வேண்டாம் என்பதையும் காமினி சேர்த்தாள். எழுதியதைக் குரலில் கேட்டுக் கேட்டு, குழப்பம் தரும் வாக்கியங்களை உடைத்தாள்.

வெள்ளிக்கிழமை மாலை ஜெகதீஸ்வரி அவள் மேசைக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"எனக்குப் புது லேப்டாப் வந்திருக்கு," என்றாள். "எப்பவும் லோகேஸ்வரன்தான் எனக்கு எல்லாத்தையும் போட்டுத் தருவாரு. க்ளையண்டுக்குக் காட்டறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் அவர் பின்னாலயே அலைவேன். இன்னிக்கு மத்தியானம் உங்க பக்கத்தப் பார்த்து நானே போட்டேன். முதல் தடவையே ஓடிருச்சு."

காமினி அவள் பக்கம் திரும்பினாள். "எங்கயாச்சும் புரியாம இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"ஒரு இடத்துலயும் இல்ல. அதான் சொல்ல வந்தேன்." ஜெகதீஸ்வரி கொஞ்சம் முன்னால் சாய்ந்தாள். "பக்கத்துல ஆள் உட்காரணும்னு சொன்னேன் இல்ல? அத வாபஸ் வாங்கிக்கறேன். திங்கக்கிழமை வாங்க. அடுத்த திங்களும் வாங்க. ஒரு வாரம்னு இனிமே பேச்சே கிடையாது. நிரலக் கட்டறது, ஒவ்வொரு க்ளையண்டுக்கும் புதுப் பதிப்ப அனுப்பறது, அந்தப் பொறுப்பு முழுக்க உங்ககிட்ட கொடுக்கலாம்னு ரெண்டு பேரும் பேசிட்டோம். சம்மதமா?"

"சம்மதமான்னு கேக்கறீங்களே!" என்றாள் காமினி. ஜெகதீஸ்வரியின் கை அவள் தோளில் வந்து ஒரு நிமிடம் இருந்தது.

கீழே மோகனராஜ் மோட்டாரோடு காத்திருந்தான். அவள் ஏறி உட்கார்ந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். உடனே சொல்லவில்லை. ஜெலுத்தோங் சாலையில் வெள்ளிக்கிழமை மாலையின் வண்டி நெரிசல். சிவப்பு விளக்கில் நின்றபோதுதான் அவன் காதோரம் குனிந்து, "நிரந்தரம் பண்ணிட்டாங்க. பில்டு மொத்தமும் என் பொறுப்பாம்," என்றாள்.

"என்னது?"

"வேல கிடைச்சிருச்சுங்க!"

அதிகம் பேசாத மோகனராஜ் ஹாரனில் கையை வைத்து அழுத்தியவன் எடுக்கவே இல்லை. முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்திருப்பார்கள். பின்னாலிருந்து ஒரு கார் கோபமாகப் பதில் ஹாரன் அடித்தது. பக்கத்து மோட்டார்க்காரர், "அப்பா ஹால் பாங்?" என்று மலாயில் கத்தினார், என்ன விஷயம் அண்ணே என்று. "பினி சாயா டாப்பாட் கெர்ஜா!" என்று மோகனராஜ் அதைவிட உரக்கக் கத்தினான், என் பெண்டாட்டிக்கு வேலை கிடைத்துவிட்டது என்று. அந்த மனிதர் ஓஹோவென்று சிரித்துவிட்டுத் தன் ஹாரனையும் சேர்த்து அடிக்க ஆரம்பித்தார்.

விளக்கு பச்சைக்கு மாறியிருக்க வேண்டும். மோட்டார் பாய்ந்து கிளம்பியது. காமினி தலையைப் பின்னால் சாய்த்து, முகத்தில் அடித்த கடற்காற்றுக்கு வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே போனாள்.